செய்த கையே திருத்துமா?

பண்டம் கைமாறியதும் விற்றவனுக்கும் பண்டத்துக்கும் உள்ள உறவு முடிந்துவிட்டது என்பது சந்தை வழக்கு. வாழைக்குலையை விற்றவர் மறுநாள் அக்குலை எப்படிப் பழுத்தது என்று விசாரிக்க வருவதில்லை. வர வேண்டுமென்று நாம் எதிர்பார்ப்பதுமில்லை. ஆயினும் மணிக்கூடு, தையல் இயந்திரம், தொலைகாட்டி போன்றவை அன்றாடம் உண்டு தீர்க்கும் பண்டங்கள் அல்ல. தந்தை வாங்கியது மகனுக்கும், மகனிடமிருந்து பேரனுக்கும் போய்ச் சேர வேண்டியவை அவை. இடையிலே பழுதுபட்டால் யாரிடம் கொண்டுபோவது? செய்தவனிடம் கொண்டுபோகலாம் என்றால், ஐம்பது அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர் செய்தவன் இருப்பானா? இருந்தாலும் தான் செய்ததை ஒப்புக்கொள்வானா? இவ்வாரம் இவ்வினாவைச் சற்று ஆராய்வோம்.

ஆராய்ச்சிக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் வாசகர்களுட் பலர் கையில் எடுத்துப் பார்த்திராத ஒன்று. வேட்டைத் துப்பாக்கியின் மேல் பொருத்தப்படும் குறி தொலைகாட்டியே அது. கொலைக்கருவியைச் சேர்ந்த ஒன்றைக் குடும்பப் பகுதியில் எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். நாம் துப்பாக்கியைப் புகழ வரவில்லை. ஒரு சிறு குழாய்க்குள்ளே ஒளியியலும் உலோக வேலையும் வணிக நேர்மையும் ஒருங்கே குடியிருப்பதைக் காட்டவே வந்தோம். பழைய கருவியைச் செய்தவரிடமே அனுப்பித் திருத்திக்கொள்ளும் வழக்கம் இன்றும் உயிரோடிருப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எமக்குக் கிடைக்கவில்லை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மலைப்பிரதேசங்களில் இலையுதிர் காலம் பிறந்ததும் அனுமதிச் சீட்டுப் பெற்று மான் வேட்டைக்குச் செல்வது பல குடும்பங்களின் வழமை. பாட்டனார் பயன்படுத்திய துப்பாக்கியே பேரனுக்கு முதற் துப்பாக்கியாக வாய்ப்பது அங்கே அரிதன்று. அத்துப்பாக்கியுடன் அதன் தொலைகாட்டியும் வந்து சேர்கிறது. துப்பாக்கியின் இரும்பும் மரமும் எளிதில் கெடுவதில்லை. தொலைகாட்டி முதுமை அடைகிறது. முதுமையடைந்த தொலைகாட்டியால் வரும் தீங்கு வேட்டைக்காரனுக்கு மட்டுமன்று. குறி நான்கு விரற்கடை விலகினால் மான் உடனே இறவாது. காயத்தோடு புதருக்குள் ஓடி நெடுநேரம் துன்புற்று மடியும். ஆகவே வேட்டையாடுவோர் கருவியைச் செம்மையாக வைத்திருப்பது, அவர்கள் கொல்ல நினைக்கும் விலங்குக்கே செய்யும் கடமையாகிறது.

குழாய்க்குள்ளே இருப்பது

மாணவர்களுக்காக இதன் அமைப்பைச் சற்று விளக்குவோம். குழாயின் முன்பக்கத்தில் இருப்பது பொருள்வில்லை. தூரத்திலுள்ள பொருளின் விம்பத்தை அது தலைகீழாக உருவாக்கும். வானியலார் தலைகீழான சந்திரனைப் பார்த்தால் குற்றமில்லை; வேட்டைக்காரனுக்குத் தலைகீழான மான் உதவாது. ஆதலின் நடுவிலே ஒரு சிறு உட்குழாயில் நிமிர்த்தும் வில்லைகளை அமைத்து விம்பத்தை மீண்டும் நேராக்குவர். கண்ணருகே இருப்பது பார்வைத்துண்டு. விம்பம் விழும் தளத்தில் மெல்லிய குறுக்குக் கம்பிகள் இருக்கும். முற்காலத்தில் நில அளவைக் கருவிகளிலே இக்கம்பிகளுக்குச் சிலந்தி நூலைப் பயன்படுத்தினார்கள் என்றால், வேலையின் நுட்பத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

குழாயின் மேலே ஒன்றும் பக்கத்தில் ஒன்றுமாக இரு குமிழ்கள் உண்டு. ஒன்று குறியை மேலும் கீழும் நகர்த்தும்; மற்றது இடமும் வலமும் நகர்த்தும். பெரும்பாலான தொலைகாட்டிகளில் குமிழைத் திருப்பும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு சிற்றொலி கேட்கும். அமெரிக்க வழக்கில் ஒரு படி என்பது பெரும்பாலும் கோணக் கலையின் கால் பங்கு. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கே கலை. 100 யார் தூரத்தில் ஒரு கலை சற்றேறக்குறைய 1 அங்குலம் ஆகும். ஆகவே ஒரு படி கால் அங்குலம். உள்ளேயிருக்கும் உட்குழாயைக் குமிழ்களின் திருகாணிகள் இரு பக்கமிருந்து தள்ள, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சிறு வில் அழுத்திக்கொண்டிருக்கும். துப்பாக்கி வெடிக்குந்தோறும் அதன் பின்னுதை முழுவதையும் தாங்கிக்கொண்டு, மயிரிழையும் விலகாமல் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டியது அந்த உட்குழாயின் கடமை.

முதுமையின் அறிகுறிகள்

இத்தகைய கருவி எவ்வாறு கெடுகிறது? முதற் பகை ஈரம். குழாய்க்குள் சாதாரண காற்று இருந்தால் அதனுடன் நீராவியும் இருக்கும். வெப்பமான வீட்டிலிருந்து குளிர்ந்த மலைக்குக் கொண்டுசெல்லும்போது நீராவி ஒடுங்கி வில்லையின் உட்பக்கத்தில் படியும். வெளிப்பக்கத்தில் படிந்த பனியைத் துணியால் துடைக்கலாம். உட்பக்கத்தில் படிந்ததை யார் துடைப்பது? இதைத் தடுக்கவே குழாயிலிருந்து காற்றை அகற்றி, ஈரமற்ற நைதரசனை நிரப்பி, இறப்பர் வளையங்களால் இறுக்கி மூடுவர். நைதரசனுக்கு மாய சக்தி எதுவும் இல்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 78 சதவீதம் அதுவே. அது உலர்ந்திருப்பதுதான் இங்கே பயன். ஆண்டுகள் பல சென்று இறப்பர் வளையங்கள் இறுகி வெடிக்கும்போது ஈரக்காற்று மெல்ல உட்புகுந்துவிடும்.

இரண்டாவது, வில்லைகளை ஒட்டிய பசை. நிறப்பிழையை நீக்குவதற்காக இருவகைக் கண்ணாடிகளை ஒன்றாக ஒட்டி ஒரே வில்லையாக்குவர். பழைய காலத்தில் அதற்குக் கனடா பல்சம் என்னும் மரப்பிசினைப் பயன்படுத்தினர். வட அமெரிக்க ஊசியிலை மரமொன்றிலிருந்து வடியும் இப்பிசின் ஒளியை முறிக்கும் அளவில் கண்ணாடியை ஒத்திருப்பதால், ஒட்டிய இடம் கண்ணுக்குத் தெரியாது. முதுமையில் அது மஞ்சளித்துப் போகும். சில வேளை விளிம்பிலே பிரிந்து வானவில் நிற வளையங்களைக் காட்டும். மூன்றாவது, உட்குழாயை அழுத்தும் வில்லின் தளர்ச்சி. இதற்குக் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் இல்லை. காட்சி தெளிவாகவே இருக்கும். குண்டு மட்டும் நேற்றுப் போன இடத்துக்கு இன்று போகாது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. குறி தவறினால் உடனே தொலைகாட்டியைக் குற்றஞ் சாட்டுவது தகாது. அதைத் துப்பாக்கியோடு பிணைக்கும் வளையங்களின் திருகாணிகள் தளர்ந்திருக்கக் கூடும். அவற்றை முதலில் சோதிக்க வேண்டும். பின்னர் அனுமதிக்கப்பட்ட குறிப்பயிற்சிக் களத்தில் ஒரு சதுரப் பரீட்சை செய்வர். ஒரு குறியைச் சுட்டபின் வலப்புறம் 20 படிகளும், பின் மேலே 20 படிகளும், இடப்புறம் 20 படிகளும், கீழே 20 படிகளும் திருப்பி, ஒவ்வொரு மூலையிலும் சுட்டுப் பார்ப்பார்கள். இறுதிக் குண்டு முதற் குண்டு சென்ற இடத்துக்கே திரும்பினால் உட்குழாய் நலமாயுள்ளது. திரும்பாவிட்டால் வைத்தியம் தேவை. தூரத்துப் பொருளை உற்றுப் பார்ப்பதற்காகத் துப்பாக்கியோடு பொருத்திய தொலைகாட்டியைப் பயன்படுத்துவது எந்நாட்டிலும் பெருங்குற்றமாகக் கருதப்படும். கண் பார்க்கும் இடத்தையே துப்பாக்கியின் வாயும் பார்த்துக்கொண்டிருக்கும் அன்றோ!

திருத்தகமாய்ப் பிறந்த தொழிற்சாலை

இனிச் செய்தவரிடம் வருவோம். அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஒரிகன் மாநிலத்தில் போட்லண்ட் நகரில் 1907ஆம் ஆண்டு பிரெட் லியூபோல்ட் என்பவரும் அவருடைய மைத்துனர் அடம் வோல்பெல் என்பவரும் ஒரு சிறு தொழிலகத்தைத் திறந்தனர். லியூபோல்ட் ஜேர்மனியிலிருந்து குடியேறியவர். அவர்கள் தொடங்கிய வேலை புதிய கருவி செய்வதன்று. நில அளவையாளர்களின் பழுதுபட்ட கருவிகளைத் திருத்திக் கொடுப்பதே. பிறர் செய்த கருவிகளின் குறைகளை நாள்தோறும் பிரித்துப் பார்த்த கைகள் காலப்போக்கில் தாமே கருவி செய்யத் துணிந்தன. ஜே. சி. ஸ்டீவன்ஸ் என்னும் நீரியற் பொறியியலாளர் அமைத்த நீர்மட்டப் பதிகருவியை அவர்கள் செய்தளித்தனர். 1914இல் அவரும் பங்காளியானார். பின்னர் லியூபோல்ட் அன்ட் ஸ்டீவன்ஸ் என்ற பெயர் நிலைத்தது.

ஸ்தாபகரின் மைந்தர் மார்க்கஸ் லியூபோல்ட் ஒருமுறை மான் வேட்டைக்குச் சென்றபோது, அவருடைய தொலைகாட்டியின் உட்பக்கம் பனிபடர்ந்து மான் தப்பியது என்றும், இதைவிட நல்லதொன்றை நாமே செய்வோம் என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது என்றும் கம்பனியின் வரலாறு கூறும். 1947இல் அவர்களுடைய முதலாவது துப்பாக்கித் தொலைகாட்டி வெளிவந்தது. நைதரசன் நிரப்பி மூடும் முறையை அமெரிக்கத் துப்பாக்கித் தொலைகாட்டிகளில் முன்னின்று புகுத்தியவர்கள் இவர்களே. தொழிற்சாலை 1968இல் அருகிலுள்ள பீவர்ட்டன் நகருக்கு இடம்பெயர்ந்தது.

இக்கம்பனி தனது தங்கவளையம் பொறித்த தொலைகாட்டிகளுக்கு அளித்திருக்கும் வாக்கைக் கவனிக்க வேண்டும். கருவி தன் கடமையைச் செய்யத் தவறினால் இலவசமாகத் திருத்துவோம் அல்லது மாற்றிக் கொடுப்போம். முதலில் வாங்கியவர் நீர்தானா என்று கேட்கமாட்டோம். வாங்கிய பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் கேட்கமாட்டோம். கால எல்லையும் இல்லை என்பதே அதன் சாரம். மின்கலத்தால் இயங்கும் பகுதிகளுக்கு மட்டும் காலவரையறை உண்டு. வாக்கு வாங்கியவருக்கன்றிப் பொருளுக்குக் கொடுக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். பாட்டனார் இறந்துவிட்டாலும் வாக்கு இறப்பதில்லை. குழாயோடு சேர்ந்து அதுவும் பேரனிடம் வந்து சேர்கிறது.

அனுப்பும் முறை

திருத்தத்துக்கு அனுப்புவோர் கைக்கொள்ளும் ஒழுங்கு எவ்வகைக் கருவிக்கும் பொருந்துமாதலின் அதனைச் சொல்லி வைப்போம். முதலாவது, கருவியைத் தாமாகத் திறக்கக் கூடாது. திறந்தால் உள்ளிருக்கும் நைதரசன் வெளியேறும், தூசி புகும், வில்லையின் இருப்பிடம் பிசகும். வில்லையைக் கடுந்துணியால் தேய்ப்பதும் தகாது. பழைய வில்லைகளின் மேற்பூச்சு மென்மையானது. தேய்ப்பினால் நீங்கிய பூச்சை எளிதில் மீளப் பெற முடியாது.

இரண்டாவது, முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். மாதிரியின் பெயரும் குழாயிற் பொறித்த தொடரிலக்கமும் குறிப்பிட்டு, இம்மாதிரியை இப்போதும் திருத்துகிறீர்களா, உதிரிப் பகுதிகள் உண்டா, திருத்த முடியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும். மூன்றாவது, பழுதைத் தெளிவாக எழுதுதல். “சரியாக வேலை செய்யவில்லை” என்று எழுதினால் திருத்துபவர் குருடனைப் போலத் தேட வேண்டியவராவார். “குளிரில் அரைமணி வைத்தால் உட்பக்கம் பனிபடர்கிறது, மேற்குமிழை 8 படி திருப்பினால் குறி நகரவில்லை, பின் திடீரென நகர்கிறது” என்று எழுதினால் பாதி வேலை முடிந்தது. நோயாளி தன் நோயைச் சரிவரச் சொன்னால் வைத்தியருக்கு எவ்வளவு எளிதோ, இங்கும் அப்படியே.

நான்காவது, தொலைகாட்டியைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி, பிணைப்பு வளையங்களையும் நீக்கிக் குழாயை மட்டும் அனுப்புவதே முறை. நான்கு பக்கமும் மெத்தென்ற பொருள் வைத்துப் பெட்டியிலிட்டு, பெயர், விலாசம், பழுதின் விவரம் ஆகியவற்றை எழுதிய தாளைப் பெட்டிக்குள்ளேயே வைத்து, காப்புறுதி செய்து அனுப்ப வேண்டும். கடிதத்தின் பிரதியையும் கருவியின் படத்தையும் வீட்டில் வைத்திருப்பது நலம். வேற்றுநாட்டில் வசிப்போர்க்கு இன்னொரு தடையும் உண்டு. துப்பாக்கித் தொலைகாட்டிகளை நாட்டைவிட்டு வெளியே அனுப்புவதை அமெரிக்க ஏற்றுமதிச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. திருத்தப் போன கருவி திரும்பிவர அனுமதி வேண்டிவரலாம். ஆதலின் தம் நாட்டிலேயே அங்கீகாரம் பெற்ற முகவர் உளரா என்று முதலில் அறிந்துகொள்வது புத்தி.

தொழிற்சாலையில் அக்குழாயைப் பரீட்சைக் கருவியில் வைத்துக் குறுக்குக் கம்பியின் நகர்ச்சியை அளப்பார்கள். வளையங்களையும் வில்லையும் மாற்றி, உள்ளே துப்புரவு செய்து, மீண்டும் உலர்வாயு நிரப்பி மூடுவார்கள். நீரில் அமிழ்த்திக் குமிழி எழுகிறதா என்று பார்ப்பது காற்றுப்புகாமையைச் சோதிக்கும் பழைய, நம்பகமான வழி. பீவர்ட்டன் தொழிற்சாலையில், துப்பாக்கியின் பின்னுதையைப் போன்ற அடியைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும் ஒரு பொறி இருக்கிறது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரின் பொருள் ‘தண்டிப்போன்’ என்பதாகும். புதிய மாதிரிகள் 5,000 தடவை அத்தண்டனையை ஏற்றுத் தேற வேண்டுமாம்.

பழையதா, புதியதா?

இனி வருவதே உண்மையான சிக்கல். திருத்துவோம் அல்லது மாற்றிக் கொடுப்போம் என்ற வாக்கில், ‘அல்லது’ என்னும் சொல்லைப் பலர் கவனிப்பதில்லை. உதிரிப் பகுதி இல்லாத மிகப் பழைய கருவி வந்து சேர்ந்தால், கம்பனி அதற்கு ஈடாகப் புதியதொன்றைக் கொடுக்க முன்வரலாம். இது நட்டமா இலாபமா?

ஒளியியலை மட்டும் பார்த்தால் இலாபமே. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு மேற்பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பிவிடும். ஒரு தொலைகாட்டியில் இத்தகைய 10 மேற்பரப்புக்கள் இருப்பின், கடைசியிற் கண்ணை வந்தடைவது சுமார் 66 சதவீதம் மாத்திரமே. மாணவர்கள் 0.96 என்ற எண்ணைப் பத்துத் தடவை பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். 1935இல் ஜேர்மனியின் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாந்தர் ஸ்மக்குலா என்னும் விஞ்ஞானி, கண்ணாடியின் மேல் மிக மெல்லிய படலம் பூசி இந்த இழப்பைக் குறைக்கும் வழியைக் கண்டார். அதற்குப் பின் பூச்சு வித்தை மிக வளர்ந்துவிட்டது. இன்றைய நல்ல தொலைகாட்டி அந்தி வெளிச்சத்திற் காட்டும் காட்சியைப் பழையது காட்ட மாட்டாது. திருத்தம் பழுதை நீக்குமேயன்றி, பழைய கண்ணாடியைப் புதிய கண்ணாடியாக்காது.

ஆயினும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். பாட்டனார் முப்பது ஆண்டுகள் மலையேறிச் சுமந்த குழாய் அது. அவருடைய விரல் பட்டுப் பட்டுக் கறுப்புப் பூச்சுத் தேய்ந்த இடம் தெரிகிறது. ஒரு பனிநாளில் பாறையில் மோதிய வடு ஒன்றும் இருக்கிறது. பேரன் நல்லெண்ணத்தோடு அதைப் பெட்டியிலிட்டு அனுப்புகிறான். சில வாரங்களில் பளபளக்கும் புதிய கருவி வருகிறது. விலையில் அது பழையதைப் போல் பன்மடங்கு. கம்பனி நேர்மையாகவே நடந்திருக்கிறது, வாக்கை மீறவில்லை. ஆனால் வீட்டிலுள்ள பாட்டி அப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “அவருடையது எங்கே?” என்று கேட்டால் பேரன் என்ன விடை சொல்வான்?

அதனாற்றான் முன்கூட்டியே எழுதிக் கேட்பது அவசியம் என்றோம். “திருத்த முடிந்தால் திருத்துக, முடியாவிட்டால் மாற்ற வேண்டாம், உள்ளபடியே திருப்பி அனுப்புக” என்று ஒரு வரி எழுதிவிட்டால், கருவி வீட்டுக்குத் திரும்பும். வேட்டைக்குப் புதியதொன்றை வாங்கிக்கொண்டு, பழையதைச் சுவரிலோ பெட்டகத்திலோ வைத்திருக்கலாம். உழைக்கும் கருவியா, நினைவுச் சின்னமா என்று முதலில் தீர்மானிக்க வேண்டியவர்கள் வீட்டார். அத்தீர்மானத்தைத் தொழிற்சாலையிடம் விட்டுவிட்டுப் பின் வருந்துவதிற் பயனில்லை.

செய்தவர் மறைந்தால்

எல்லோருக்கும் பீவர்ட்டன் வாய்ப்பதில்லை. 1930இல் வில்லியம் வீவர் என்பவர் 19 டொலருக்கு விற்கத் தொடங்கிய தொலைகாட்டியே, சாதாரண உழைப்பாளியும் வாங்கக்கூடிய முதல் நல்ல கருவி என்று அமெரிக்கர் போற்றுவர். அவருடைய தொழிற்சாலை பின்னர் டெக்ஸாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரில் வளர்ந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கச் சேனையின் ஸ்பிறிங்ஃபீல்ட் துப்பாக்கிகளிலும் வீவரின் தொலைகாட்டி பொருத்தப்பட்டது. வீவர் 1975இற் காலமானார். எல் பாசோ தொழிற்சாலை 1984இல் மூடப்பட்டது. பெயர் மட்டும் கைமாறிக் கைமாறி வாழ்ந்தது. ஆயினும் அதே நகரில் பழைய வீவர் தொலைகாட்டிகளைத் திருத்திக் கொடுக்கும் ஒரு சிறு தொழிலகம் பல காலம் இயங்கியமையால், அக்கருவிகள் முற்றாக அநாதையாகிவிடவில்லை.

டென்வர் நகரில் 1909இல் தொடங்கிய றெட்ஃபீல்ட் நிறுவனமும் அப்படியே. 1998இல் அதன் தொழிற்சாலை மூடப்பட்டது. 2008இல் அப்பெயரை லியூபோல்ட் வாங்கியது. இங்கே வாசகர்கள் ஓர் உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். ஒரு வர்த்தகப் பெயரை வாங்குவோர் அப்பெயரில் முன்னொருவர் கொடுத்த வாக்கையும் சேர்த்து வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெயர்ப்பலகை ஒன்றாயிருக்கும்; உள்ளே இருப்பவர் வேறாயிருப்பர். பழைய உத்தரவாத அட்டையை நீட்டினால், “அவர் கொடுத்தார், நாம் கொடுக்கவில்லை” என்ற விடையும் வரலாம்.

நாடு பிளந்தால் செய்தவரே இருவராகிவிடுவதும் உண்டு. கார்ல் சைஸ் 1846இல் ஜேனா நகரில் நிறுவிய கம்பனிக்கு 1945இல் அதுவே நேர்ந்தது. யுத்த முடிவில் அமெரிக்கச் சேனை ஜேனாவை விட்டகன்றபோது முக்கியமான விஞ்ஞானிகளையும் தொழில் நிபுணர்களையும் தன்னோடு மேற்கே கொண்டுசென்றது. அவர்கள் ஓபர்கொகனில் புதிய தொழிற்சாலையை எழுப்பினர். ஜேனாவில் எஞ்சியது கிழக்கு ஜேர்மனியின் அரசுடைமையாயிற்று. இரு பகுதியாரும் ஒரே பெயருக்காகப் பல நாட்டு நீதிமன்றங்களில் வழக்காடினர். 1990இல் ஜேர்மனி ஒன்றுபட்ட பின்னரே அப்பிளவு தீர்ந்தது. யுத்தத்துக்கு முன்னர் ஜேனாவிற் செய்த கருவியை வைத்திருந்தவர், இடைப்பட்ட நாற்பத்தைந்து ஆண்டுகளில் அதை எந்தச் செய்தவரிடம் அனுப்பியிருப்பார்?

வாக்கின் விலை

ஆயுட்கால உத்தரவாதம் என்பது காகிதத்தில் எழுத எளிது. அதை நிறைவேற்ற, பழைய மாதிரிகளின் வரைபடங்கள் இருக்க வேண்டும். பயன்படுமோ படாதோ என்று தெரியாத உதிரிப் பகுதிகளைப் பல ஆண்டுகள் பேணிவைக்க வேண்டும். பழைய மாதிரியைப் பிரித்துக் கூட்டத் தெரிந்தவர் ஓய்வுபெறுமுன் இளையவர் ஒருவருக்கு அதைப் பழக்க வேண்டும். இச்செலவு முழுவதும் புதிய கருவியை வாங்குவோர் கொடுக்கும் விலையில் அடங்கியிருக்கிறது. இலவசத் திருத்தம் என்று நாம் சொல்வது, முன்னரே விலை கொடுத்துவிட்ட திருத்தமேயாகும். மலிவான கருவியை வாங்குபவர் அவ்விலையைக் கொடுப்பதில்லை. அவருக்கு அவ்வாக்கும் கிடைப்பதில்லை. இதில் எவரையும் குறைகூற இடமில்லை. எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும் என்பதே நாம் சொல்வது.

இன்னொன்றும் உண்டு. திருத்தகத்துக்கு வரும் ஒவ்வொரு பழைய கருவியும் தொழிற்சாலைக்கு ஒரு பாடம். எந்த வளையம் முதலில் இறுகியது, எந்த வில் தளர்ந்தது, எந்தப் பசை மஞ்சளித்தது என்பவற்றை நாற்பது ஆண்டு மழையும் பனியும் பட்ட கருவியே சொல்லும். புதிதாய் வார்த்த குழாய் சொல்லாது. தான் செய்த பழைய பொருளை வாங்கிப் பார்க்க மறுக்கும் தொழிற்சாலை, தன் பிழைகளை அறியும் வழியையும் அடைத்துக்கொள்கிறது. 1907இல் பிறருடைய கருவிகளைத் திருத்தத் தொடங்கிய அவ்விருவரும் கற்ற வித்தை இப்பள்ளியிலேதான் கற்கப்பட்டது.

நம் வீடுகளில் துப்பாக்கித் தொலைகாட்டி இராது, இருக்கவும் வேண்டாம். ஆனால் ஒரு தையல் இயந்திரமோ, மணிக்கூடோ, பாட்டனார் விட்டுப்போன மூக்குக்கண்ணாடிக் கூடோ இல்லாத வீடு குறைவு. பழுதுபட்ட பொருளை எறியுமுன் அதன் அடியிலே பொறித்திருக்கும் பெயரையும் இலக்கத்தையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். செய்தவர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்து ஒரு கடிதம் எழுதுங்கள். விடை வராவிட்டால் முத்திரைச் செலவு மட்டுமே நட்டம். விடை வந்தாலோ, எந்த ஊரிலோ முகமறியாத ஒருவர் தம் முன்னோர் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற இன்றும் மேசையின் முன் அமர்ந்திருக்கிறார் என்று அறிந்துகொள்வீர்கள்.